குஞ்சுக் கொட்டகையில் ஈரம்: குழாய்க் கசிவா, காற்றின் வியர்வையா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும், பல்லடம், பொங்கலூர், சுல்தான்பேட்டை, உடுமலை வட்டாரங்களில் இறைச்சிக் கோழி வளர்ப்போரிடமிருந்து ஒரே மாதிரியான முறையீடு எழுவது வழக்கம். ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை இறக்கி, கேஸ் புரூடர்களைக் கொளுத்தி, பக்கப் படுதாக்களை இறுக்கிக் கட்டி மூன்று நான்கு நாட்கள் கூட ஆகியிராது. விடியற்காலையில் கொட்டகைக்குள் நுழைந்தால் கண் எரியும். ஆழ்கூளம் ஆங்காங்கே நனைந்து அடை அடையாகக் கிடக்கும். குஞ்சுகளின் காலில் எச்சம் உருண்டையாக ஒட்டியிருக்கும்.

பண்ணையாளர் முதலில் சந்தேகிப்பது தண்ணீர்க் குழாயைத்தான். நிப்பிள்களைக் கழற்றி மாற்றுவார், வாஷர் போடுவார். அப்படியும் ஈரம் போகவில்லையென்றால், குளிர்தான் காரணம் என்று முடிவு கட்டிப் படுதாவை இன்னும் இறுக்கிக் கட்டிக் கூடுதலாக ஒரு புரூடரையும் ஏற்றுவார். மறுநாள் காலை ஈரம் முன்னைவிட அதிகமாயிருக்கும்!

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. கொட்டகையில் காணும் ஈரம் இரண்டு வழிகளில் வரக்கூடும். ஒன்று குழாயிலிருந்தோ கூரையிலிருந்தோ தரையிலிருந்தோ கசிந்து வரும் நீர். மற்றொன்று, உள்ளே உள்ள காற்றிலிருந்தே பிரிந்து குளிர்ந்த இடங்களில் படியும் நீர். கசிவுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் வேறு, காற்று ஈரத்துக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் வேறு. எது என்று பாராமல் கை வைத்தால் பணமும் போகும், குஞ்சும் போகும்.

வீட்டில் உள்ள இரண்டு பாத்திரங்களை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். குடிநீர் ஊற்றிய மண்பானையின் வெளிப்புறம் எப்போதும் ஈரமாயிருக்கும். அது உள்ளிருந்து கசிந்து வந்த நீர். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் சொம்பின் வெளிப்புறமும் ஈரமாகிறது. எவர்சில்வரில் ஏது துளை? அந்த நீர் சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்து படிந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பிறந்த இடம் வேறு.

காற்றில் இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது?

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 17 கிராம்தான் தாங்க முடியும். மிச்சமுள்ள 13 கிராமும் நீர்த் துளியாகிவிடும். குஞ்சுகளின் முதல் வாரத்தில் புரூடரின் கீழ் 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டியிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கோவைப் பகுதியின் இரவு வெப்பம் 18, 19 டிகிரிக்கு இறங்குகிறது. மேகமற்ற இரவில் கூரைத் தகடு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, வெளிக் காற்றைவிடவும் சற்றுக் குளிர்ந்துபோகும். உள்ளே கோடை, தலைக்குமேல் பனி என்ற இந்த நிலையில் தகட்டின் அடிப்புறம் வியர்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நீராவியைக் கொடுப்பவை குஞ்சுகளும் புரூடருமே. ஒரு வார வயதுள்ள 5,000 குஞ்சுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வளர்ச்சிக்காக உடலில் தங்குவது போக, எஞ்சியது மூச்சுக் காற்றாகவும் எச்சமாகவும் கொட்டகைக்குள்ளேயே திரும்பி வருகிறது.

புரூடர் தரும் நீரைப் பற்றி மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. சமையல் எரிவாயு எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் 1.6 லிட்டர் அளவுக்கு நீர் உண்டாகும். 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் 30 லிட்டர். அதாவது, ஒரு சிலிண்டரைக் காலி செய்யும் பண்ணையாளர், தமக்குத் தெரியாமலேயே இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டகைக்குள் தெளித்திருக்கிறார். படுதாவை இறுக்கிக்கொண்டு இன்னொரு புரூடரை ஏற்றுவது ஏன் தீங்காய் முடிகிறது என்பது இப்போது விளங்கும்.

மின்விளக்குகளால் சூடேற்றினால் இந்தக் கூடுதல் நீர் இல்லை. கரியடுப்பிலும் மிகக் குறைவே. ஆனால் மூடிய கொட்டகையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குஞ்சுகளுக்கு மட்டுமன்றி, இரவில் காவலுக்காக உள்ளே படுக்கும் ஆளுக்கும் அது எமனாகிவிடும். ஈரத்துக்குப் பயந்து கரிக்கு மாறுவோர் இதை மறக்கலாகாது. விறகு எரிப்போர், புகைபோக்கி வழியே புகை முழுவதும் வெளியேறுமாறு அமைத்துவிட்டால் அதிலுள்ள நீராவியும் கூடவே போய்விடும்.

ஈரம் சொல்லும் அடையாளங்கள்

ஈரம் எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இதற்காக விடியற்காலை 5 மணிக்கு ஒரு முறையும் முற்பகல் 11 மணிக்கு ஒரு முறையும் டார்ச் விளக்குடன் கொட்டகையைச் சுற்றி வர வேண்டும்.

காற்று ஈரம் பெரும்பாலும் பின்னிரவில் தொடங்கி, வெயில் ஏறியதும் அடங்கும். தகட்டின் அடிப்புறத்தில் கையை வைத்தால் பரவலாக ஈரம் தட்டும். துளிகள் தகட்டின் சரிவில் வழிந்து வந்து, குறுக்குச் சட்டமோ போல்ட்டோ தடுக்கும் இடத்தில் சொட்டும். ஆகவே கூளத்தில் நனைந்த இடங்கள் குறுக்குச் சட்டங்களுக்கு நேர் கீழே, வரிசை பிடித்தாற்போல் அமைந்திருக்கும். மழை ஒழுக்கு அப்படியன்று. அது ஆணித் துளை, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம், உடைந்த மூலை என்று குறிப்பிட்ட இடத்திலேயே வரும். மழை பெய்த நாளில்தான் வரும். பழுப்புக் கறையையும் விட்டுச் செல்லும். மழையே இல்லாத, நட்சத்திரம் தெளிவாய்த் தெரிந்த இரவுக்கு மறுநாள் கூரை சொட்டினால் தகட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

குழாய்க் கசிவுக்கு நேரம் காலம் கிடையாது. இரவு பகல் எந்நேரமும் ஒரே இடத்தில் நனைந்துகொண்டிருக்கும். நிப்பிள் வரிசைக்கு நேர் கீழே மட்டும் கூளம் கறுத்து, இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தால் அது குழாயின் வேலையே. ஒரு நிப்பிளிலிருந்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். பத்து நிப்பிள்கள் இப்படிச் சொட்டினால் அதுவே 40 லிட்டர்.

குழாயே வியர்ப்பதும் உண்டு. இரவெல்லாம் திறந்த வெளியில் குளிர்ந்த மேல்நிலைத் தொட்டி நீர் கொட்டகைக்குள் வரும்போது, அது வந்து சேரும் குழாயின் முதற்பகுதியும் உள்ளே வைத்துள்ள சிறு தொட்டியும் வியர்க்கும். இரும்புக் குழாயில் இது அதிகம். பிளாஸ்டிக் குழாயில் குறைவு. வியர்க்கும் குழாய் நீளம் முழுவதும் ஒரே சீராக ஈரமாயிருக்கும். கசியும் குழாயிலோ இணைப்பு ஒன்றிலிருந்து ஈரம் தொடங்கி ஒரு பக்கமாக வழியும். சந்தேகம் தோன்றினால் குழாயை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, இணைப்பைச் சுற்றி ஒரு துண்டு செய்தித்தாளைச் சுற்றிக் கட்டிக் கால் மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். தாள் இணைப்பின் மேல் மட்டும் நனைந்து, பக்கத்தில் துடைத்த குழாய் உலர்ந்தே இருந்தால் கசிவு. குழாய் முழுவதும் மீண்டும் முத்து முத்தாகத் துளிர்த்தால் வியர்வை.

எரிவாயு சிலிண்டரின் வெளிப்புறம் பாதி உயரத்துக்கு நனைந்திருப்பதைக் கண்டு, சிலிண்டர் கசிகிறது என்று அஞ்சுவோரும் உண்டு. உள்ளே திரவமாயுள்ள வாயு ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்கிறது. அதனால் திரவம் இருக்கும் மட்டம் வரை வெளிப்புறம் வியர்க்கிறது. அந்த ஈரக் கோடு மீதமுள்ள வாயுவின் அளவைக் காட்டும் அடையாளமே தவிர அபாயமில்லை. வாயுக் கசிவைக் கண்டறிய இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் முறை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது.

செலவில்லாத மூன்று சோதனைகள்

முதலாவது, சொம்புச் சோதனை. ஒரு எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் நிரப்பி, இரவு முழுவதும் வெளியே வானம் பார்க்க வைத்துவிட வேண்டும். விடியற்காலை 5 மணிக்கு அதன் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்தி, கொட்டகைக்குள் புரூடருக்குச் சற்றுத் தள்ளி வைத்தால், நீரின் குளிர்ச்சி கூரைத் தகட்டின் குளிர்ச்சியை ஒட்டியே இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் சொம்பு வியர்த்தால், கூரையும் வியர்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சொம்பு உலர்ந்தே இருந்து கூளம் மட்டும் நனைந்திருந்தால் கசிவைத் தேட வேண்டும்.

இரண்டாவது, தொட்டிச் சோதனை. இதைக் குஞ்சு இறக்குவதற்கு முன்பே செய்வது உத்தமம். குழாய் வரிசைகளில் நீரை நிரப்பி, மேல்நிலைத் தொட்டிக்கு வரும் நீரை அடைத்து, நீர்மட்டத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு ஓர் இரவு விட்டுவிட வேண்டும். குடிக்கக் குஞ்சு இல்லாதபோது மட்டம் இறங்கினால் அது கசிவைத் தவிர வேறெதுவுமில்லை. குஞ்சுகள் இறங்கிய பிறகு இந்தச் சோதனை பயன்படாது. அப்போது தீவனக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் குஞ்சுகள் தின்னும் தீவனத்தின் எடையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீர் குடிக்கும். கோடையில் இது கூடும். மார்கழியில் தீவனம் ஏறாமல் தண்ணீர்ச் செலவு மட்டும் திடீரென ஏறினால் குழாயைத் தேட வேண்டும். குழாய் நன்றாயிருந்தால் தீவனத்தில் உப்பு மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பேறிய கருவாட்டுத் தூள் கலந்த தீவனம் குஞ்சுகளை அளவுக்கு மீறிக் குடிக்க வைத்து எச்சத்தை நீராக்கிவிடும். கழிச்சல் நோயும் அவ்வாறே.

மூன்றாவது, தரைக்கான பாலித்தீன் சோதனை. வாய்க்கால் பாயும் வயலை ஒட்டியும், கரிசல் பூமியில் தரைமட்டம் தாழ்வாகவும் கட்டிய கொட்டகைகளுக்கு இது அவசியம். கூளத்தை விலக்கி, வெறுந் தரையில் இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் அடிப்புறம் நனைந்திருந்தால் ஈரம் பூமியிலிருந்து ஏறுகிறது. மேற்புறம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து இறங்குகிறது.

கூளமும் ஏமாற்றும்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார் ஆலைகளின் நார்க்கழிவு இப்பகுதியில் எளிதாகக் கிடைப்பதால் கூளமாகப் பலரும் அதையே போடுகின்றனர். நல்ல பொருள்தான். ஆனால் தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. மேலே உலர்ந்து தோன்றும். நான்கு விரற்கடை கீழே பிழிந்தால் நீர் சொட்டும். கசிவு தொடங்கிப் பல நாள் சென்ற பின்பே மேலே தெரியவரும். நெல் உமியோ அவ்வளவு நீரை உறிஞ்சாது. கசிவை உடனே காட்டிக் கொடுத்துவிடும். நார்க்கழிவு போட்டவர்கள் தினமும் நிப்பிள் வரிசைக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பது நல்லது. ஆலையிலிருந்து ஈரத்தோடு வரும் நார்க்கழிவை வெயிலில் உலர்த்தாமல் பரப்பிவிட்டு, ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதும் நடக்கிறது. அதற்கு எந்தச் சோதனையும் வேண்டியதில்லை.

கூளத்தில் 20 முதல் 25 சதம் ஈரம் இருப்பது ஏற்றது. கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்து விட வேண்டும். உருண்டையாகாமல் பொலபொலவென்று உதிர்ந்து தூசி பறந்தால் உலர்வு மிகுதி. லேசாகச் சேர்ந்து, தொட்டதும் உடைந்தால் சரியான பதம். கொழுக்கட்டை போல் அப்படியே நின்றால் ஈரம் மிகுதி.

ஈரம் மிகுந்த கூளத்தில் எச்சம் அழுகி அம்மோனியா கிளம்புகிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினால் குஞ்சுகளின் கண்ணும் மூச்சுக் குழலும் கெடத் தொடங்கும். கொட்டகையிலேயே நாள் முழுவதும் இருப்பவர்களுக்கு அந்த வாடை பழகிவிடும்; ஆகவே வெளியிலிருந்து வருபவர் மூக்கைத்தான் நம்ப வேண்டும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா முட்டைகள் முதிர்ந்து தொற்றும் நிலையை அடைய ஈரமும் கதகதப்பும் காற்றும் வேண்டும். நனைந்த கூளம் மூன்றையும் கொடுக்கிறது. ஒன்றிரண்டு நாள் போதும். ஒப்பந்த முறையில் வளர்ப்போருக்கு வளர்ப்புக் கூலி, இறப்பையும் தீவனம் எடையாக மாறும் திறனையும் பொறுத்தே கணக்கிடப்படுவதால், முதல் வாரத்து ஈரம் ஆறாம் வாரத்துக் கணக்கில் வந்து நிற்கும். முதல் வாரத்தில் கெட்ட குஞ்சு பின்னால் எவ்வளவு தின்றாலும் இழந்த எடையை முழுவதும் பிடிப்பதில்லை.

கசிவுக்குச் செய்ய வேண்டியவை

பல்லடம் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. அதிலுள்ள உப்புகள் நிப்பிளின் ஊசியில் படிந்து, அது முழுதாக மூடாமல் செய்துவிடும். இவ்விதம் சொட்டும் நிப்பிளைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு தொகுதி கோழியும் வெளியேறிய பிறகு, குழாய் வரிசையைச் சிட்ரிக் அமிலக் கரைசல் போன்ற மெல்லிய அமில நீரால் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலானவை மீண்டும் நன்றாக வேலை செய்யும். நீர் உள்ளே வரும் இடத்தில் வடிகட்டி வைப்பதும், அதை அடிக்கடி கழுவுவதும் முக்கியம்.

நிப்பிள் பழுதின்றி இருந்தும் கீழே நனைந்தால் அழுத்தமும் உயரமும் சரியில்லை என்று கொள்ள வேண்டும். இளங் குஞ்சுக்கு நீர் வேகமாய் வந்தால் வாயில் பாதியும் கூளத்தில் பாதியுமாகப் போகும். முதல் இரண்டு நாள் நிப்பிள் குஞ்சின் கண் மட்டத்தில் இருக்கலாம். அதன் பின் கழுத்தை நிமிர்த்திக் குடிக்கும்படி வளர வளர உயர்த்திக்கொண்டே போக வேண்டும். தொங்கு நீர்த்தொட்டி வைத்திருப்போர் தொட்டியின் விளிம்பைக் கோழியின் முதுகு மட்டத்துக்குச் சரியாக வைத்தால் சிந்துதல் வெகுவாகக் குறையும்.

காற்று ஈரத்துக்குச் செய்ய வேண்டியவை

இதற்கு மருந்து வெளிக்காற்று ஒன்றே. பனிமூட்டமாயிருக்கும் விடியற்காலைக் காற்றை உள்ளே விட்டால் ஈரம் கூடாதா என்று பண்ணையாளர்கள் தயங்குகின்றனர். நியாயமான தயக்கம்தான், ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 19 டிகிரி வெப்பமுள்ள பனிக்காற்றில் 90 சதம் ஈரப்பதம் இருந்தாலும், ஒரு கன மீட்டரில் உள்ள நீராவி ஏறத்தாழ 15 கிராம்தான். அதே காற்று கொட்டகைக்குள் வந்து 31 டிகிரிக்குச் சூடேறியதும் 32 கிராம் வரை தாங்கக்கூடியதாகிறது. அதாவது ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வெளியே நனைந்த துணி போலிருந்த காற்று, உள்ளே வந்ததும் உலர்ந்த துணியாகி ஈரத்தை ஒற்றியெடுக்கத் தயாராகிவிடும். ஒரு கன மீட்டர் காற்று 8 கிராம் நீராவியைச் சுமந்துகொண்டு வெளியேறுவதாகக் கொண்டால், ஒரு சிலிண்டர் உண்டாக்கிய 30 லிட்டரை அகற்ற 3,750 கன மீட்டர் காற்று போதும். 200 அடி நீளமும் 25 அடி அகலமும் 9 அடி சராசரி உயரமும் உள்ள கொட்டகையின் காற்று மூன்று முறை மாறினால் இது நிறைவேறிவிடும். குஞ்சுகள் விடும் ஈரத்துக்கு இதற்கு மேலும் வேண்டும்.

ஆனால் காற்று குஞ்சின் மேல் படக்கூடாது. படுதாவைக் கீழேயிருந்து தூக்கினால் குளிர்காற்று நேரே குஞ்சுகளின் மேல் பாயும். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கி மடியும். படுதாவின் கீழ் விளிம்பைச் சுவரோடு நிலையாகக் கட்டிவிட்டு, மேல் விளிம்பு இறங்குமாறு அமைக்க வேண்டும். மேலே அரை அடி திறந்தாலே ஈரக் காற்று வெளியேறும். உள்ளே வரும் குளிர்காற்று சூடான காற்றோடு கலந்த பிறகே கீழே இறங்கும். முகட்டில் திறப்புள்ள கொட்டகைகளில் அதைச் சாக்கு வைத்து அடைக்கும் பழக்கத்தை இந்த மாதங்களில் கைவிட வேண்டும். திறப்பதால் சிறிது எரிவாயு கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மையே. நனைந்த கூளத்தை அள்ளி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

கூரையின் குளிர்ச்சியைக் குறைப்பதும் கைகொடுக்கும். வெயிலுக்காகத் தகட்டின் மேல் தென்னங்கீற்று வேய்ந்திருப்போர் மழை வந்ததும் அதைப் பிரித்துவிடுகின்றனர். தை முடியும் வரை அதை விட்டுவைத்தால், தகடு வானத்தை நேரே பார்த்துக் குளிர்வது குறைந்து வியர்வையும் குறையும். கீற்றைத் தகட்டின் அடிப்புறத்தில் கட்டலாமா என்றால், கேஸ் புரூடர் எரியும் கொட்டகையில் அது தீ விபத்துக்கு வழி செய்யும்.

ஏற்கெனவே நனைந்து அடையாகிப்போன கூளத்தைக் கிளறிவிடக் கூடாது. கிளறினால் அடங்கியிருந்த அம்மோனியா ஒரேயடியாகக் கிளம்பும். அடையை அப்படியே வெட்டி எடுத்து வெளியேற்றிவிட்டு, உலர்ந்த கூளத்தை அந்த இடத்தில் போட வேண்டும். அடையாகாத, லேசாக நனைந்த பகுதிகளைப் படுதாவின் மேற்பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு முற்பகல் வெயில் நேரத்தில் கிளறலாம். குஞ்சுகள் உள்ளே இருக்கும்போது ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவுவதையும் தவிர்க்க வேண்டும். சுண்ணாம்பின் காரம் அம்மோனியாவை இன்னும் விரைவாக வெளியேற்றும். கோழிகளைப் பிடித்துக் கொடுத்த பிறகு, காலியான கொட்டகையின் தரையில் பூசுவதற்கே அது ஏற்றது.